ஜெயிப்பது ஒருவர்... உழைப்பது ஐந்து பேர்! 'கிரிட்டீரியம்' சைக்கிள் ரேஸில் நடக்கும் டீம் கணக்கு என்ன?

ஒரு சின்ன நகரம். நான்கு தெருக்களை மட்டும் அடைத்து ஒரு சைக்கிள் ரேஸ் நடக்கிறது. கடைசிச் சுற்று. ஐம்பது பேர் வளைவில் திரும்பி, இறுதிக் கோட்டை நோக்கிப் பறந்து வருகிறார்கள். நீலச் சட்டை போட்ட ஒருவர் முதலில் கோட்டைத் தொடுகிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

சில விநாடிகள் கழித்து இன்னொரு நீலச் சட்டைக்காரர் மூச்சு வாங்கியபடி மெதுவாக வந்து சேர்கிறார். அவருக்கு 35-வது இடம். ஆனால் அவரும் இரண்டு கைகளையும் தூக்கிக் கொண்டாடுகிறார்!

பார்ப்பவர்களுக்குக் குழப்பம். தோற்றவர் எதற்காகக் கொண்டாடுகிறார்?

அவர் தோற்கவில்லை என்பதுதான் விஷயம். முந்தைய இரண்டு நிமிடங்களாக எதிர்க்காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு, தன் அணிக்காரரைக் கடைசி வளைவு வரை இழுத்து வந்தவரே அவர்தான். 'கிரிட்டீரியம்' என்ற குறுஞ்சுற்று சைக்கிள் பந்தயத்தில் வாரா வாரம் நடக்கும் காட்சி இது. ரிசல்ட் ஷீட்டில் ஒருவர் பெயர்தான் முதலில் வரும். அந்த ஒருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்த நான்கைந்து பேர் உழைத்திருப்பார்கள்.

சம்பளம் கிடையாது, கோச் கிடையாது. பிறகு எதற்காக இன்னொருவரை ஜெயிக்க வைக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கிரிட்டீரியம் என்றால் என்ன?

சைக்கிள் பந்தயம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'டூர் டி ஃபிரான்ஸ்'. மலை, காடு, கிராமம் என்று ஒரு ஊரில் கிளம்பி வேறொரு ஊரில் போய் முடியும் நீண்ட பயணம் அது.

கிரிட்டீரியம் அதற்கு நேர்மாறு. போக்குவரத்தை நிறுத்தி, அடைக்கப்பட்ட ஒரு சின்ன சுற்றுப் பாதையில் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ விதிப்படி சுற்றின் நீளம் 800 மீட்டரிலிருந்து 10 கி.மீ வரை இருக்கலாம். நடைமுறையில் நகருக்குள் நடக்கும் பந்தயங்களில் ஒரு சுற்று பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கி.மீ-தான் வரும். இதை வீரர்கள் செல்லமாக 'க்ரிட்' என்பார்கள்.

அமெச்சூர் பந்தயங்களில் தூரத்தைவிட நேரம்தான் கணக்கு. '45 நிமிட ரேஸ்' என்று அறிவிப்பார்கள். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பார்த்து, இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று நடுவர்கள் பலகையில் எண்ணைக் காட்டத் தொடங்குவார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். கோட்டை முதலில் தொடுபவர் வெற்றியாளர். அவ்வளவுதான் விதி.

டூர் டி ஃபிரான்ஸ் பார்ப்பவர்களுக்கும் இந்த வாடை கொஞ்சம் தெரிந்திருக்கும். 1975-ல் இருந்து பெரும்பாலான ஆண்டுகளில் அந்தப் போட்டியின் இறுதி நாளில் பாரிஸின் ஷான்ஸ் எலிஸே சாலையில் வீரர்கள் சுற்றிச் சுற்றி வருவதும் கிட்டத்தட்ட இதே பாணிதான். 2022-ல் சிங்கப்பூரிலும் டூர் டி ஃபிரான்ஸ் பெயரில் ஒரு கிரிட்டீரியம் நடத்தப்பட்டது.

அமெரிக்காவில் மட்டும் ஏன் இவ்வளவு கிரேஸ்?

ஐரோப்பாவில் பிறந்த வடிவம் என்றாலும், கிரிட்டீரியம் ஊருக்கு ஊர் வேரூன்றிய இடம் அமெரிக்கா. காரணம் ரொம்ப எளிது. 150 கி.மீ நெடுஞ்சாலையை அடைப்பதைவிட நான்கு தெருவை அடைப்பது சுலபம். பார்வையாளர்களுக்கும் லாபம். நெடுஞ்சாலைப் பந்தயத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தால் வீரர்கள் சில விநாடிகளில் கடந்துபோய்விடுவார்கள். இங்கே ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணெதிரே வருவார்கள்.

இதில் தாத்தா என்றால் நியூ ஜெர்சி மாநிலத்தின் 'டூர் ஆஃப் சாமர்வில்'. அந்த ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஃபிரெட் 'பாப்' குக்ளர் 1940-ல் தொடங்கிய பந்தயம் இது. நெடுஞ்சாலையில் 'ரேஸ்' நடத்த மாநிலச் சட்டம் தடையாக இருந்ததால், 'டூர்' என்று பெயர் வைத்துச் சமாளித்தார் என்பது இந்தப் பந்தயம் பற்றிச் சொல்லப்படும் சுவாரஸ்யமான கதை.

முதல் இரண்டு ஆண்டுகளும் ஜெயித்தது அவருடைய மகன் ஃபர்மன் குக்ளர். 1942-ல் ஜெயித்தவர் கார்ல் ஆண்டர்சன். அடுத்து போர் காரணமாகப் பந்தயம் நின்றது. 1947-ல் மீண்டும் தொடங்கியபோது அந்த இரண்டு சாம்பியன்களுமே உயிரோடு இல்லை. இருவரும் இரண்டாம் உலகப் போரில் பலியாகியிருந்தார்கள். இன்றும் அவர்கள் நினைவாகத்தான் அந்தப் பந்தயம் நடக்கிறது. போரில் உயிர்நீத்தவர்களை அமெரிக்கா நினைவுகூரும் 'மெமோரியல் டே'யில் நடத்துவது அதன் வழக்கம்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் 1980-ல் தொடங்கிய 'ட்விலைட்' கிரிட்டீரியம் இருட்டிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் நடப்பதற்குப் பெயர் போனது. ஓக்லஹோமாவின் துல்சா நகரில் ஜூன் மாதம் மூன்று நாள் நடக்கும் 'துல்சா டஃப்' இன்னொரு திருவிழா. அதன் கடைசி நாள் பாதையில் உள்ள 'க்ரை பேபி ஹில்' என்ற மேட்டில், வேஷம் கட்டிய ரசிகர்கள் இரு பக்கமும் நின்று கத்தும் சத்தத்துக்கு நடுவேதான் வீரர்கள் ஒவ்வொரு சுற்றும் ஏறியாக வேண்டும்.

யார் இந்த அமெச்சூர் வீரர்கள்?

பெரிய பந்தயங்களில் மாலை நேரத்தில் புரொஃபஷனல்கள் ஓட்டுவார்கள். ஆனால் காலையிலிருந்தே அதே பாதையில் வேறு பல ரேஸ்கள் நடக்கும். அங்கே ஓட்டுபவர்கள் வாரம் முழுக்க ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வேலை பார்த்துவிட்டு சனி, ஞாயிறுகளில் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள். நுழைவுக் கட்டணத்தைக் கைக்காசு போட்டுக் கட்டுவார்கள்.

அமெரிக்காவில் இவர்களைத் திறமைக்கு ஏற்ப 'கேட்டகரி' என்று தரம் பிரிக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் ஐந்தாம் நிலை. படிப்படியாக ஏறினால் ஒன்றாம் நிலை. பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, வயதில் மூத்த 'மாஸ்டர்ஸ்' வீரர்களுக்குத் தனித்தனிப் போட்டிகள் உண்டு. முடிவுகளைப் பொறுத்துப் புள்ளிகள் சேரும். புள்ளி சேர்ந்தால் மேல் நிலைக்குப் போகலாம்.

இவர்களுக்கு 'டீம்' என்றால் உள்ளூர் சைக்கிள் கிளப்தான். ஒரே மாதிரி ஜெர்சி, வாரநாட்களில் சேர்ந்து பயிற்சி, போட்டி முடிந்ததும் சேர்ந்து சாப்பாடு. பின்னால் டீம் கார் வராது. காதில் ரேடியோவும் பெரும்பாலும் இருக்காது. ரேஸுக்குள் எடுக்கும் முடிவு எல்லாமே கண்ஜாடையிலும், ஒரு வார்த்தைக் கத்தலிலும்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் காற்று!

சைக்கிளில் ஒரு டீம் எதற்குத் தேவை? ஓட்டப் பந்தயத்தில் அவரவர் தனித்தனியாக ஓடுவதுபோல ஓட்டினால் ஆகாதா? ஆகாது. நடுவில் நிற்பது காற்று.

பஸ்ஸுக்கோ லாரிக்கோ பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். முன்னால் போகும் வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், பின்னால் வருபவருக்கு மிதிப்பது லேசாகிவிடும். (ஆனால் சாலையில் அதைச் செய்து பார்க்க வேண்டாம், ஆபத்து!) ஒரு சைக்கிளுக்குப் பின்னால் இன்னொரு சைக்கிள் ஒட்டி வந்தாலும் அதேதான். இதற்குப் பெயர் 'டிராஃப்டிங்'.

வேகம் கூடக் கூடக் காற்று எப்படி மிரட்டும் என்பதற்கு ஒரு சின்ன கணக்கு. மணிக்கு 30 கி.மீ வேகத்தில் போகும் ஒருவர் 40-க்குப் போக நினைக்கிறார். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி சுமார் 2.4 மடங்கு ஆகிவிடும்! காரணம், அந்தச் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது.

இன்னொருவர் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கலாம். பெரிய கூட்டத்துக்கு நடுவில் இருந்தால் லாபம் இன்னும் அதிகம். பெர்ட் பிளாக்கன் தலைமையிலான ஆய்வாளர்கள் 121 சைக்கிள் மாதிரிகளை நெருக்கமாக நிறுத்திச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. கூட்டத்தின் உள்ளே, பின்பகுதியில் இருப்பவர் மீது படும் காற்று எதிர்ப்பு, தனியாக ஓட்டுபவர் மீது படுவதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று அது சொன்னது. அமெச்சூர் கூட்டம் அவ்வளவு அடர்த்தியாக இருக்காது என்றாலும் தத்துவம் ஒன்றுதான்.

ஆக, முன்னால் போகிறவர் செலவு செய்கிறார், பின்னால் வருகிறவர் சேமிக்கிறார். கிரிட்டீரியத்தின் மொத்த அரசியலும் இங்கேதான் தொடங்குகிறது.

100 வளைவுகள்... 100 முறை துரத்தல்

அப்படியானால் 45 நிமிஷமும் கூட்டத்தின் கடைசியில் ஜாலியாக வந்துவிட்டுக் கடைசியில் முந்தலாமே? இப்படி நினைத்துத்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

45 நிமிடம், மணிக்கு 40 கி.மீ வேகம் என்றால் 30 கி.மீ. ஒரு சுற்று 1.2 கி.மீ என்று வைத்துக்கொண்டால் 25 சுற்றுகள். சுற்றுக்கு நான்கு வளைவு என்றால் மொத்தம் 100 வளைவுகள்.

ஒவ்வொரு வளைவிலும் முன்வரிசை ஆட்கள் கிட்டத்தட்ட பிரேக் தொடாமலேயே திரும்பிவிடுவார்கள். பின்னால் வருபவர்களுக்கு இடம் நெருக்கும், ஒருவர் பிரேக் அடித்தால் அடுத்தவர் அதைவிடக் கூடுதலாக அடிப்பார். கடைசி ஆள் ஏறக்குறைய நின்றே போய்விடுவார். வளைவு தாண்டியதும் முன்வரிசை அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கடைசி ஆள் எழுந்து நின்று மிதித்துத் துரத்த வேண்டும். ஆர்மோனியத் துருத்திபோலக் கூட்டம் சுருங்குவதும் விரிவதும் இப்படித்தான்.

சிக்னலில் நின்று நின்று கிளம்பும் வண்டி அதிக பெட்ரோல் குடிப்பதுபோல, பின்வரிசை ஆள் 100 முறை சக்தியைக் கொட்டுகிறார். அதனால் நல்ல இடம் என்பது கூட்டத்தின் முதல் பத்து, பதினைந்து பேருக்குள். அங்கே எல்லோருக்கும் இடம் கிடையாது. பிடித்த இடத்தைத் தக்கவைக்கத் தனி ஆளால் முடியாதபோது டீம் தேவைப்படுகிறது.

டீம் வேலை 1: மாறி மாறித் தாக்குதல்

உதாரணத்துக்கு, நீலச் சட்டை அணியில் ஐந்து பேர், சிவப்புச் சட்டை அணியில் ஐந்து பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் தனி ஆட்கள்.

நீல அணியின் முதல் ஆள் திடீரென்று வேகமெடுத்துக் கூட்டத்தை விட்டுப் பிரிகிறார். இதுதான் 'அட்டாக்'. அவரை விட்டுவிட்டால் ரேஸே போய்விடலாம் என்ற பயத்தில் சிவப்பு அணி துரத்துகிறது. இரண்டு சுற்றில் பிடித்தும் விடுகிறது.

பிடித்த அந்த நொடியில் நீல அணியின் இரண்டாவது ஆள் பாய்கிறார். துரத்திக் களைத்த சிவப்பு அணி மறுபடியும் துரத்த வேண்டும். அதற்குப் பிறகு மூன்றாவது ஆள்.

மூன்றாவது தடவை சிவப்பு அணிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். 'நீ போ' என்று அவர், 'நீ போ' என்று இவர். அந்த ஐந்து விநாடித் தயக்கம் போதும், இடைவெளி விழுந்துவிடும். முதலில் பாய்ந்த இருவரும் ஜெயிக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் பாய்ந்தார்கள். எதிராளியின் காலில் இருந்த பலத்தைக் கரைப்பதுதான் அவர்களுடைய வேலை.

டீம் வேலை 2: தடுக்காமல் தடுப்பது

நீல அணிக்காரர் ஒருவர் மற்ற அணி ஆட்கள் இரண்டு பேரோடு முன்னால் பிரிந்து போய்விட்டார். இப்படிப் பிரிந்து போகும் சிறு குழுவுக்கு 'பிரேக்அவே' என்று பெயர். இப்போது பின்னால் கூட்டத்தில் இருக்கும் மற்ற நான்கு நீலச் சட்டைகளும் என்ன செய்ய வேண்டும்?

எதுவும் செய்யக் கூடாது. அதுதான் வேலை!

துரத்தும் வரிசையில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். முறை வரும்போது முன்னால் போய் உழைக்க மாட்டார்கள். உழைத்தாலும் கொஞ்சம் மெதுவாக இழுப்பார்கள். துரத்தலின் தாளம் கெட்டுவிடும். இதைத்தான் 'பிளாக்கிங்' என்கிறார்கள்.

பெயரைக் கேட்டால் வழிமறிப்பது மாதிரி இருக்கும். ஆனால் பாதையை மறிப்பது, குறுக்கே இழுப்பது, கையால் தள்ளுவது எல்லாம் விதிமீறல். நடுவர்கள் வெளியே அனுப்பலாம். சட்டப்படியான பிளாக்கிங் என்பது வெறுமனே ஒத்துழைக்க மறுப்பது.

இந்த இடத்தில் அமெச்சூர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு ஒன்று உண்டு. முன்னால் போயிருப்பது தன் அணிக்காரர்தான் என்று கவனிக்காமல், உற்சாகத்தில் தாங்களே கூட்டத்தை இழுத்துக்கொண்டு போய் அவரைப் பிடித்துவிடுவது! சைக்கிள் பந்தயத்தின் 'சேம் சைடு கோல்' அது. கிளப் மீட்டிங்கில் பல நாள் பேசப்படும்.

ஒருவேளை பிரேக்அவேயில் நீலச் சட்டை யாருமே இல்லை என்றால்? அப்போது கதை தலைகீழ். ஒருவரோ இருவரோ தங்கள் சொந்த வாய்ப்பை மறந்து, கூட்டத்தின் முன்னால் போய் முழு மூச்சாக இழுக்க வேண்டும். பிரிந்தவர்களைப் பிடித்ததும் அவர்கள் கால் செத்துப்போயிருக்கும். பலர் அதோடு பின்தங்கிவிடுவார்கள்.

டீம் வேலை 3: கடைசி இரண்டு நிமிடம்

யாரும் பிரிந்து போகாமல் மொத்தக் கூட்டமும் ஒன்றாகவே கடைசிச் சுற்றுக்கு வந்தால், வேகப் புயல்களின் நேரம் அது. ஒவ்வொரு அணியிலும் கடைசி 200 மீட்டரில் யாராலும் பிடிக்க முடியாத ஒரு 'ஸ்பிரின்டர்' இருப்பார். அவரைக் கொண்டுபோய் விடும் ரயில் வண்டிக்குப் பெயர்தான் 'லீட்-அவுட்'.

பெரும்பாலும் இப்படி நடக்கும்:

இரண்டு, மூன்று சுற்று பாக்கி: அணிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக முன்வரிசைக்கு வந்து சேர்கிறார்கள். முதல் ஆள் வேகத்தை ஏற்றுகிறார். வேகம் போதுமான அளவு இருந்தால் பக்கவாட்டில் யாரும் முந்தி வர முடியாது.

கடைசிச் சுற்று மணி: முதல் ஆள் சக்தி தீர்ந்து விலகுகிறார். இரண்டாவது ஆள் இன்னும் வேகமாக இழுக்கிறார்.

கடைசி இரண்டு வளைவுகள்: மூன்றாவது ஆளின் முறை. இவர்தான் லீட்-அவுட் நாயகன். கடைசி வளைவுக்குள் முதலாவதாக நுழைவதே இவர் வேலை.

கடைசி நேர்பாதை: பின்னால் காற்றுப் படாமல் மறைந்து வந்த ஸ்பிரின்டர் வெளியே வந்து பாய்கிறார்.

சில அணிகள் ஸ்பிரின்டருக்குப் பின்னாலும் ஓர் ஆளை வைக்கும். எதிரணி ஸ்பிரின்டர் நம்மவர் பின்னால் ஓசியில் ஒட்டிக்கொண்டு வராமல் அந்த இடத்தை நிரப்பி வைப்பதே அவர் பொறுப்பு.

கடைசி வளைவுக்கும் இறுதிக் கோட்டுக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால், வளைவை முதல் இரண்டு மூன்று இடத்தில் கடப்பவருக்கே பெரும்பாலும் வெற்றி. பின்னால் இருப்பவர் எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும் முந்துவதற்கு ரோடு இருக்காது. தொடக்கத்தில் பார்த்த அந்த 35-வது இடத்துக்காரர் கைகளைத் தூக்கியது இதனால்தான். அந்த வளைவை ஜெயித்துக் கொடுத்தவர் அவர்.

நடுவில் மணி அடிக்கிறதே, அது எதற்கு?

கடைசிச் சுற்றுக்கு முன்பும் இடையிடையே மணி அடிக்கும். அது 'ப்ரீம்'. அடுத்த முறை கோட்டை முதலில் தொடுபவருக்கு ஒரு தனிப் பரிசு. கொஞ்சம் பணமாக இருக்கலாம், ஒரு ஜோடி டயராக இருக்கலாம், உள்ளூர்க் கடைக்காரர் தரும் ஒரு பை காபிக் கொட்டையாகக்கூட இருக்கலாம்.

பரிசு சின்னதுதான், ஆனால் ரேஸே அதனால் மாறும். எல்லோரும் ப்ரீமுக்குப் பாய்ந்து முடித்து மூச்சு வாங்கும் நேரம் பார்த்து, புத்திசாலி அணி ஒன்று தன் ஆளை அனுப்பிவிடும்.

இன்னொரு வித்தியாசமான விதி 'ஃப்ரீ லேப்'. டயர் பஞ்சராகிவிட்டால் அல்லது விழுந்துவிட்டால், சக்கரம் மாற்றும் இடத்துக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு, அடுத்த சுற்றில் கூட்டம் வரும்போது மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். களைத்துப்போனதற்கு இந்தச் சலுகை கிடையாது. அமெரிக்க விதிகளின்படி கடைசி 8 கி.மீ-யில் இது செல்லாது. அதன்பிறகு பஞ்சர் என்றால், போனது போனதுதான். முக்கியமான ஸ்பிரின்டருக்கே அப்படி ஆனால், அணி அந்த இடத்திலேயே திட்டத்தை மாற்றி வேறொருவரை முன்னிறுத்த வேண்டும்.

விழுந்தால் என்ன ஆகும்?

நெருக்கமாக ஓட்டும் ஆட்டம் என்பதால் விழுவதும் நடக்கும். முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரத்தில் பின்னால் வருபவரின் முன்சக்கரம் உரசினால், பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர்தான். வளைவில் சாய்ந்திருக்கும்போது மிதித்தால் பெடல் தரையில் இடிக்கும். ஒருவர் விழுந்தால் பின்னால் வரும் பத்துப் பேர் சேர்ந்து விழலாம். தோல் உரிவது முதல் காறை எலும்பு முறிவு வரை அடி படும். ஹெல்மெட் இல்லாமல் ஸ்டார்ட் லைனில் நிற்கவே முடியாது.

அதனால் முதல் பாடமே 'உன் கோட்டில் போ' என்பதுதான். வளைவில் எந்தப் பாதையில் நுழைந்தாயோ அதே பாதையில் வெளியே வர வேண்டும். திடீரென்று திசை மாற்றக் கூடாது.

டீம் வேலைக்கு இங்கேயும் ஒரு பங்கு உண்டு. முன்னால் ஓர் அணி சீரான வேகத்தில் இழுத்தால் கூட்டம் நீளமான ஒற்றை வரிசையாக மாறிவிடும். தள்ளுமுள்ளு குறையும். யாருமே இழுக்காமல் வேகம் குறைந்தால், ரோட்டின் முழு அகலத்துக்கும் கூட்டம் பரவி, எல்லோரும் ஒரே வளைவுக்கு முண்டியடிப்பார்கள். மெதுவாகப் போகும் கூட்டம்தான் பல நேரம் ஆபத்தானது என்பது பார்ப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

சரி, உழைத்தவருக்கு என்ன கிடைக்கும்?

இதுதான் அமெச்சூர் பந்தயத்தின் உண்மையான சிக்கல்.

புரொஃபஷனல் அணியில் இழுத்துக் கொடுப்பவருக்குச் சம்பளம் உண்டு. அது அவர் வேலை. அமெச்சூர் வீரரோ தன் கைக்காசைக் கட்டி, தன் சனிக்கிழமையைச் செலவழித்து வந்தவர். கேட்டகரி உயர்வுக்கான புள்ளிகளோ முன்னிலை இடங்களுக்கு மட்டும்தான். 20 சுற்று முன்னால் நின்று இழுத்தவரும், 20 சுற்றும் கூட்டத்தின் நடுவில் ஒளிந்து வந்தவரும் ரிசல்ட் ஷீட்டில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். யார் உழைத்தார் என்று எழுத அதில் கட்டமே இல்லை.

தொடக்க நிலைகளில் டீம் வேலை பெரும்பாலும் பேச்சோடு நின்றுபோவதற்கு இதுவும் காரணம். ஒரே ஜெர்சி போட்டிருப்பார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனக்காகவே ஓட்டுவார்கள். 'போன வாரம் அவனுக்காக உழைத்தேன், இந்த வாரம் எனக்கு யாரும் உழைக்கவில்லை' என்ற மனக்கசப்பில் உடைந்துபோகும் கிளப்களும் உண்டு.

நிலைத்து நிற்கும் அணிகள் சில விஷயங்களை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்கின்றன.

முதலாவது, முறை. இன்றைய பாதை யாருக்குப் பொருந்துமோ அவருக்கு இன்று எல்லோரும் உழைப்பது. மேடு இருந்தால் ஒருவர், தட்டையான பாதை என்றால் இன்னொருவர். அடுத்த வாரம் ஆள் மாறும்.

இரண்டாவது, பங்கு. ஜெயித்தவர் பரிசுப் பணத்தை அணிக்காரர்களோடு பகிர்வது சைக்கிள் உலகில் நீண்ட கால வழக்கம். அமெச்சூர் ரேஸில் அது பெட்ரோல் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடலாம். ஆனால் 'இது நம்ம வெற்றி' என்று சொல்வதற்கு அந்த வழக்கம் ஓர் அடையாளம்.

மூன்றாவது, ரேஸுக்குப் பிறகான பேச்சு. எந்தச் சுற்றில் யார் எதைச் செய்தார் என்று உட்கார்ந்து பேசுவது. ரிசல்ட் ஷீட்டில் இல்லாத கணக்கு அங்கேதான் எழுதப்படுகிறது.

இப்படி ஒரு அணி சேர்ந்து ஓட்டினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஜஸ்டின் வில்லியம்ஸ் ஓர் உதாரணம். கிரிட்டீரியம் பந்தயங்களையே மையமாக வைத்து 2019-ல் 'லீஜியன் ஆஃப் லாஸ் ஏஞ்சலிஸ்' என்ற அணியைத் தொடங்கினார். தம்பி கோரி வில்லியம்ஸும் அதில் ஓட்டினார். கடைசிச் சுற்றுகளில் அணி மொத்தமும் ஒரே வரிசையாக முன்னால் வந்து நிற்பதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம்.

தனி ஆளுக்கு வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது. அணி இல்லாமல் வருபவர்கள் ஒவ்வொரு ரேஸிலும் உண்டு. அவர்கள் துரத்துவதில் சக்தியை வீணாக்காமல், பெரிய அணிகள் ஒன்றையொன்று களைக்க வைக்கும்வரை காத்திருப்பார்கள். எந்த அணியின் ரயில் பலமானதோ அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு கடைசி வளைவு வரை வருவார்கள். இரண்டு பெரிய அணிகளும் ஆளுக்கு ஒருவரை அனுப்பிய பிரேக்அவேயில் மூன்றாவதாகத் தொற்றிக்கொள்வது அவர்களுக்கு லாட்டரி மாதிரி. பின்னால் எந்த அணியும் துரத்தாது என்பதால்!

ஆனால் ஒரே ஒரு தப்பான முடிவு போதும், அவர் ஆட்டம் முடிந்தது. அணிக்கு மட்டும்தான் இரண்டாவது, மூன்றாவது வாய்ப்பு.

அடுத்த முறை பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

இணையத்தில் கிரிட்டீரியம் வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. வீரர்களே ஹேண்டில்பாரில் கேமரா கட்டி எடுத்தவையும் உண்டு. அடுத்த முறை பார்க்கும்போது இந்த ஐந்து விஷயங்களைக் கவனியுங்கள்:

1. முன்வரிசையில் எந்த ஜெர்சி அதிகமாக இருக்கிறது? வேகத்தை முடிவு செய்வது அந்த அணிதான்.

2. ஒருவர் பிரிந்து போனதும் யார் துரத்துகிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள்? சும்மா இருப்பவரின் ஆள்தான் முன்னால் போயிருப்பார்.

3. வளைவு தாண்டியதும் கடைசி ஆட்களைப் பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கிறார்கள் என்றால் சீக்கிரமே பின்தங்கப்போகிறார்கள்.

4. ப்ரீம் முடிந்த உடனே அடுத்த அரைச் சுற்று முக்கியம். அட்டாக் வரும் நேரம் அது.

5. ஜெயித்தவரைப் பார்த்த பிறகு கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பின்னால் தனியாக, மெதுவாக, சிரித்துக்கொண்டே ஒருவர் வருவார்.

அந்த ரேஸில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டுமென்றால், அவரிடம்தான் கேட்க வேண்டும்.